அத்திட்லான் ஏரிக்கு மேலே ஒரு மாயா வீட்டில்: தாராளமாகப் போகலாம், ஆனால் முட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும்

மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலாவுக்குப் போகிறவர்கள் பொதுவாக அந்திகுவா, திக்கால், அத்திட்லான் ஏரி என்று மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஏரிக்கரையில் பனஹாசெல் ஊரில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே ஏரியைச் சுற்றி மேலே மலையில் இருக்கும் கக்சிகெல், சூத்துஹில் என்ற மாயா பழங்குடி மக்களின் கிராமங்களில் சில குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள், மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் அடுப்பிலிருந்தே வருகிறது. நானும் தங்கையும் சொலொலா மாவட்டத்தில் கக்சிகெல் பெண்களின் கூட்டுறவுக் குழு ஒன்று நடத்தும் அப்படியொரு ஹோம்ஸ்டேயில் தங்கினோம். குழுவின் பெயர், ஊர்ப் பெயர், குடும்பத்தின் பெயர் எதையும் எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த வீட்டுக் குழந்தைகளைப் பற்றியது. இந்த மாதிரி ஏற்பாடு ஏரியைச் சுற்றிப் பல ஊர்களில் உண்டு, அதனால் நீங்கள் எங்கே போனாலும் இதில் சொல்வது உதவும்.

முதலில் அறையைப் பற்றி. சிமென்ட் கல் சுவர், தகரக் கூரை, ஒரு கட்டில், சுத்தமான விரிப்பு. விருந்தாளி அறைக்கு மட்டும் சிமென்ட் தரை, வீட்டுக்காரர்கள் படுக்கும் அறையில் மண் தரைதான். கழிப்பறை வெளியே. குளிக்க வாளியில் வெந்நீர் வைத்துத் தருகிறார்கள், கேட்டால் 'துஹ்' என்ற கல் வைத்துக் கட்டிய சின்ன நீராவி அறையைச் சூடாக்கித் தருகிறார்கள், மலையில் நடந்துவிட்டு வந்து அதில் உட்கார்ந்து எழுந்தால் உடம்பு வலி பறந்துவிடும். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், சொலொலா நகரம் 2,000 மீட்டருக்கும் மேல், அதனால் இரவுக் குளிர் பொல்லாதது. கம்பளி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். தங்குமிடத்துக்கு முழு மதிப்பெண்.

மொழிப் பிரச்சினை பெரிதாக வராது, காரணம் அந்த வீட்டின் மூத்த பெண். ஒன்பது வயது. பாட்டிக்குக் கக்சிகெல் மொழி மட்டும்தான், அம்மாவுக்குச் சந்தைக்கு வேண்டிய அளவு ஸ்பானிஷ், பள்ளிக்கூடம் போகும் இவள்தான் இரண்டிலும் சரளம். தங்கைக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதால் பாட்டி சொல்வது பேத்தி வழியாகத் தங்கைக்கு வந்து, அவள் வழியாக எனக்கு வரும். எங்களை "சேன்யோ" என்று கூப்பிடுவாள், அங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். நாங்களும் அவள் அம்மாவை "தோன்யா" என்றே கூப்பிட்டோம்.

இந்த ஏற்பாட்டை நான் நல்லது என்று சொல்வதற்கு முதல் காரணம், விருந்தாளிக்காக வீட்டின் நாள் மாறுவதில்லை. அவர்கள் நாளுக்குள் நீங்கள் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். அந்த நாள் மக்காச்சோளத்தில் தொடங்குகிறது. முந்தின இரவே அம்மா சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து மூடி வைத்துவிடுவார். விடியுமுன் மூத்தவள் எழுந்து அதைக் கழுவி, பிளாஸ்டிக் பேசினில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் மில்லுக்குப் போகிறாள். மில் ஓடும் சத்தத்தில்தான் நமக்கு விழிப்பு வரும். நானும் ஒரு நாள் கூடப் போனேன், வரிசையில் நின்றது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்தான், தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்து சிரித்துக்கொண்டு. அரைத்த மாவைக் கொண்டுவந்ததும் அம்மா கல்லில் இன்னொரு முறை பிசைந்து, கைகளுக்கு நடுவே தட்டித் தட்டி டோர்ட்டியா போடுகிறார். மூத்தவளும் தட்டுகிறாள், ஓரம் கொஞ்சம் கோணலாக வரும், அதை அவளே தம்பிக்கு எடுத்து வைத்துவிடுகிறாள். சுண்ணாம்பு சேர்ப்பது வெறும் ருசிக்காக இல்லை, சோளத்தில் இருக்கும் நியாசின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அதுதான் வழி செய்கிறது. சோளம் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது இந்த வழக்கம் கூடவே போகவில்லை, அங்கே சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலக்ரா நோய் வந்தது. இந்தச் சமையலறையில் பாட்டிகள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுப்பு விஷயத்தில் ஒரு முக்கியமான யோசனை. நாங்கள் தங்கிய வீட்டில் இரும்புத் தகடு வைத்து, புகைபோக்கி கட்டிய அடுப்பு இருந்தது. பக்கத்தில் பாட்டி வீட்டில் மூன்று கல் அடுப்புதான், உள்ளே போனால் கண் எரிந்து நீர் கொட்டும், அந்தப் புகையில்தான் கைக்குழந்தையும் பாட்டி மடியில் கிடந்தது. இது சின்ன விஷயம் இல்லை. இதே நாட்டில் சான் மார்கோஸ் மலைப்பகுதியில் 2000களின் தொடக்கத்தில் சில வீடுகளுக்கு மட்டும் புகைபோக்கி அடுப்பு கட்டிக் கொடுத்து, குழந்தைகளின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அதன் முடிவுப்படி, நிமோனியா மொத்தத்தில் உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எனவே முன்பதிவு செய்யும்போது புகைபோக்கி அடுப்பு உள்ள வீட்டைக் கேளுங்கள். நம் வசதிக்காக மட்டும் சொல்லவில்லை, விருந்தாளிகள் கேட்கக் கேட்கத்தான் குழு மற்ற வீடுகளுக்கும் அதைக் கட்ட முனையும் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாவே எங்களிடம் சொன்னார்.

ஏழரை மணிக்குப் பள்ளி. மூத்தவளும் ஏழு வயதுத் தம்பியும் நடந்தே போகிறார்கள். அவள் அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் விபில் மேல்சட்டையும் சுற்றிக் கட்டும் பாவாடையும்தான் பள்ளிக்கும் உடுத்திக்கொள்கிறாள். பன்னிரண்டரைக்கெல்லாம் பள்ளி முடிந்துவிடும். 2017இல் வந்த பள்ளி உணவுச் சட்டத்தின்படி குழந்தைகளுக்கு அங்கே சாப்பாடு உண்டு, அதற்கான பொருள்களில் ஒரு பங்கை உள்ளூர் விவசாயக் குடும்பங்களிடமே வாங்க வேண்டும், பெற்றோர்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த ஊரிலிருந்து போன எனக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். கீழ் வகுப்புகளில் ஆசிரியர் கக்சிகெல்லிலும் பேசுகிறார், நோட்டில் எழுதுவது பெரும்பாலும் ஸ்பானிஷ்தான். நாட்டில் 22 மாயா மொழிகள் அங்கீகரிக்கப்பட்டவை, 2003இல் தேசிய மொழிகள் சட்டமும் வந்தது, ஆனாலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் இன்னும் ஸ்பானிஷ் இல்லாமல் வேலை நடக்காது என்று அந்த அம்மா சொன்னார். அதனால்தான் சுகாதார நிலையத்துக்குப் போனால் ஒன்பது வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகிறார், டாக்டர் சொல்வதை மொழிபெயர்க்க. அம்மாவின் நோய் என்னவென்று அம்மாவுக்கு முன்னால் மகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். மூத்தவள் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு மேலே படிப்பாளா என்பதுதான் அந்த வீட்டில் பெரிய கேள்வி. அதற்கு மேலான பள்ளி அந்தக் கிராமத்தில் இல்லை, தினமும் பிக்கப் வண்டிக்குக் காசு வேண்டும். அவளுடைய பெரியப்பா மகள், பதினான்கு வயது, ஏற்கெனவே தலைநகரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், மாதம் ஒருமுறை வருகிறாளாம். ஹோம்ஸ்டே காசை எதற்குச் செலவிடுகிறீர்கள் என்று தங்கை கேட்டபோது அந்த அம்மா சொன்ன முதல் பதில் "அவள் படிப்புக்கு", அப்புறம்தான் செருப்பு, மருந்து, சோளம் எல்லாம்.

மதியத்துக்கு மேல் குழந்தைகளுக்கு வேலை இருக்கிறது. அப்பா காப்பி அறுவடைக் காலத்தில் தென்கடற்கரைப் பக்கத் தோட்டங்களுக்குப் போய்விடுவார், மற்ற நாளில் சோளமும் அவரையும் பூசணியும் ஒன்றாக ஏறிக் கிடக்கும் தங்கள் சின்ன மலைச்சரிவு நிலத்தில் இருப்பார். ஏழு வயதுப் பையன் அவர் கூட மண்வெட்டியோடு போவான், திரும்பும்போது நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் விறகுச் சுமையோடு வருவான், அவன் அளவுக்கு ஏற்ற சின்னச் சுமைதான், ஆனாலும் சுமைதான். மூத்தவள் கைக்குழந்தைத் தம்பியைத் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டால் இருட்டும் வரை இறக்குவதில்லை. அப்படியே முதுகில் தம்பியோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடன் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறாள், தம்பி மேலும் கீழும் குலுங்கிக்கொண்டே தூங்குகிறான்! பையன்கள் கோலி விளையாடுகிறார்கள். நவம்பர் முதல் தேதியை ஒட்டிப் பட்டம். மாலையில் யாருடைய போனிலாவது ரீசார்ஜ் காசு மிச்சம் இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார்கள். உலகத்தில் எந்தப் பிள்ளையும் செய்வதுதான், இதைப் பார்த்து "ஐயோ இயற்கை வாழ்க்கை கெட்டுவிட்டதே" என்று வருத்தப்படும் பயணிகளை எனக்குப் பிடிக்கவில்லை.

நெசவு வகுப்பு தனிக் கட்டணம். கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். தறியின் ஒரு முனை தூணில், மறுமுனை நம் இடுப்பில், நாம் பின்னால் சாய்ந்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும், உடம்பே தறியின் பாதி. சிறுமிகள் ஏழெட்டு வயதில் கற்கத் தொடங்குகிறார்கள். நல்ல வேலைப்பாடுள்ள ஒரு விபில் நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும், கடைத்தெருவில் பேரம் பேசுமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பை அம்மாதான் எடுத்தார். மூத்தவள் தனக்கென்று ஒரு சிறிய பட்டை நெய்துகொண்டிருந்தாள், வேண்டும்போது உட்கார்ந்தாள், சலித்தபோது எழுந்து போய்விட்டாள். "வந்து நெய்து காட்டு, ஆடிக் காட்டு" என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. குழுவின் விதியே அதுதான்: விருந்தாளிக்காகக் குழந்தை பள்ளிக்கு மட்டம் போடக்கூடாது, குழந்தையை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது, அம்மா அப்பாவைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. இந்த ஒரு விதிக்காகவே இந்தக் குழுவுக்கு நான் திரும்பப் போவேன்.

படம் எடுக்கும் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியாள் குழந்தைகளை நெருங்கினால் அந்த மலை ஊர்களில் வரும் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் சொன்னது, அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாட்டுத் தத்துக்குப் போனார்கள், அதில் நடந்த மோசடிகள் வெளிவந்த பிறகு 2007 கடைசியில்தான் புதிய சட்டம் வந்தது. 2000இல் தோதோஸ் சாந்தோஸ் குச்சுமாதான் என்ற ஊரில், பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் ஒரு ஜப்பானியப் பயணியையும் ஒரு பேருந்து ஓட்டுநரையும் கும்பல் அடித்துக் கொன்றது. ஆகவே கொஞ்சுவதற்காகக் கூடத் தெருவில் குழந்தைகளைத் தூக்காதீர்கள். மிட்டாய், பேனா என்று வழியில் பார்க்கிற பிள்ளைகளுக்கு விநியோகிக்கவும் வேண்டாம், கொடுக்க ஆசை இருந்தால் குழு வழியாகப் பள்ளிக்குக் கொடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். ருசியில் நம் நாக்குக்கு அந்நியமாக எதுவும் இல்லை. கறுப்பு அவரை, சுட்ட மிளகாயும் தக்காளியும் அரைத்த துவையல் மாதிரி ஒன்று, நம் ஊரில் சௌசௌ என்று வாங்கும் காய் அங்கே வேலியெல்லாம் காய்க்கிறது, அந்தக் கொடியின் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். அப்புறம் ஒரு கீரைச் சாறு, முதல் வாய் வைத்ததுமே தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நம் மணத்தக்காளியின் நெருங்கிய உறவுச் செடி அது, அதே கசப்பு, அதே வாசம். சைவக்காரர்கள் கவலையே பட வேண்டாம்.

குறை ருசியில் இல்லை. எங்களுக்குக் காலையில் ஆளுக்கு இரண்டு முட்டை, அவரை, சீஸ். இரவில் ஒரு நாள் கோழிச்சாறு. அதே அடுப்பங்கரையில், இரண்டடி தள்ளி, அந்தக் குழந்தைகள் டோர்ட்டியாவில் உப்பும் மிளகாயும் வைத்துத் தின்கிறார்கள், கூடவே நிறைய சர்க்கரை போட்ட தண்ணிக் காப்பி. கீரை இருக்கும் நாளில் கீரை. பள்ளி விட்டு வரும்போது கையில் காசு இருந்தால் கடையில் தொங்கும் சோளச் சிப்ஸ் பாக்கெட். எங்கள் தட்டிலிருந்து ஒரு முட்டையைப் பையனிடம் நீட்டினோம், அவன் அம்மா முகத்தைப் பார்த்தான், அம்மா சிரித்துக்கொண்டே அதை எங்கள் தட்டுக்கே திருப்பி வைத்தார். விருந்தாளிக்கு வைத்ததை எடுத்தால் அவருக்கு மரியாதைக் குறைவு. எந்த ஊர் அம்மாவும் அப்படித்தான் செய்வார், அவரைக் குற்றம் சொல்லவே முடியாது.

ஆனால் இது ஏற்பாட்டின் குற்றம். குவாத்தமாலாவில் 2014-15 தேசிய ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் நீண்ட நாள் ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், பழங்குடிக் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். உலகிலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. அந்த ஏழு வயதுப் பையனைப் பார்த்து நான் ஐந்து வயதிருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படிப்பட்ட வீட்டில், வயிறு நிறைந்து வளர்ந்த நான் இரண்டு முட்டை சாப்பிட, வளர வேண்டிய பிள்ளை உப்புத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. விருந்தாளி ஒருவருக்கு இவ்வளவு என்று குழு உணவுக் காசு கணக்கிடுவதுதான் சிக்கல். வீட்டுக்கே ஒரு சமையல் என்று கணக்குப் போட்டு, எல்லோர் தட்டிலும் ஒரே சாப்பாடு என்று விதி வைத்துவிட்டால், கட்டணம் கொஞ்சம் கூடினாலும் எந்த விருந்தாளியும் மறுக்க மாட்டார். இதை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னோம். சில வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், பொது விதியாக இல்லை, அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்றார். நீங்களும் போனால் சொல்லுங்கள், பலர் சொன்னால்தான் நகரும்.

அதுவரைக்கும் நாங்கள் கண்ட வழி: கடையில் ஓர் அட்டை முட்டை, முப்பது இருக்கும், வாங்கிப் போய் அம்மாவிடம் கொடுத்து, "எங்கள் ஊரில் தனியாகச் சாப்பிட்டால் இறங்காது தோன்யா, எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று தங்கை சொன்னாள். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. மூத்தவள் தன் முட்டையைத் தானே சுட்டுத் தின்றாள், கொஞ்சம் கருக்கிவிட்டாள். பாட்டிக்குத்தான் ரொம்பச் சந்தோஷம்.

இன்னொரு குறை, இடைத்தரகு. முதலில் சுற்றுலா ஊரில் இருக்கும் ஒரு ஏஜென்சி வழியாகப் பதிவு செய்திருந்தோம். நாங்கள் கொடுத்ததில் பாதிகூட அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அங்கே போய்ப் பேசியபோதுதான் தெரிந்தது. கூடுதல் இரவுகளைக் குழுவிடமே நேரடியாகப் பதிவு செய்தோம். குழு பொதுச் செலவுக்கு ஒரு சிறு பங்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அம்மாவின் கையில் கொடுக்கிறது, கணக்கு நோட்டையும் காட்டினார்கள். எந்த ஊரில் தங்கினாலும், குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று முதலிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டுவிடலாம்.

போய்ச் சேர்வது எளிது. தலைநகரிலிருந்தோ அந்திகுவாவிலிருந்தோ பனஹாசெலுக்கு வேன் இருக்கிறது, அங்கிருந்து ஊரைப் பொறுத்துப் படகு அல்லது பிக்கப். செவ்வாய், வெள்ளியில் போனால் சொலொலா சந்தையையும் பார்த்துவிடலாம், சுற்றுலாவுக்காகப் போடும் சந்தை இல்லை, சுற்று வட்டாரமே வெங்காயமும் கேரட்டும் கோழியும் விற்கவும் வாங்கவும் வரும் சந்தை, ஆண்களும் பாரம்பரிய உடையிலேயே வருகிறார்கள்.

எப்போது போவது என்பதில் வழிகாட்டிகள் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லை, வானம் தெளிவு, எரிமலைகள் மூன்றும் பளிச்சென்று தெரியும், அதனால் கூட்டமும் அப்போதுதான். ஆனால் மலையில் சோள அறுவடை ஆண்டுக் கடைசியை ஒட்டி வருகிறது. அடுத்த ஆண்டு நடுவில், ஜூன், ஜூலை, ஆகஸ்டில், சேர்த்து வைத்த சோளம் தீர்ந்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், காப்பித் தோட்ட வேலையும் அப்போது இருக்காது. விருந்தாளிகளும் குறைவு. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், காலையில் நடக்கலாம், பார்க்கலாம், மழை பிடித்துக்கொண்டால் அடுப்பங்கரையில் உட்கார்ந்து டோர்ட்டியா தட்டிப் பார்க்கலாம். முடிந்தால் அந்த மாதங்களில் போங்கள், மழைக்கோட்டும் தடித்த ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு, நேரடியாகக் குழுவிடம் பதிவு செய்து. முட்டையை ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.